துணையாய் நின்ற பெருவாழ்வு: செல்லம்மாள் பாரதி

நுழையும்முன்

புலவரைப் போற்றும் நாம் அவர் வீட்டு அடுப்பு எரிந்ததா என்று கேட்பதில்லை. ஊர் ஒதுக்கியபோதும், உறவு விலகியபோதும், காவலர் கண்காணித்தபோதும் ஒரு கவிஞருடைய வாழ்வின் பாரத்தைத் தோளில் தாங்கியவர் ஒருவர் உண்டு. அவர் மறைந்தபின் அவருடைய எழுத்தை அச்சேற்றித் தமிழருக்குக் கொடுத்ததிலும் அவருக்கே முதற்பங்கு உண்டு. பாரதியாரின் வாழ்க்கைத் துணைவியாராகிய செல்லம்மாளின் வரலாறு, கணவரின் வரலாற்றுக்கு எழுதப்பட்ட அடிக்குறிப்பு அன்று. தனித்துப் படிக்கத்தக்க வாழ்வு.

கடையத்துச் சிறுமி

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த சிற்றூர் கடையம். அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்த அவ்வூர் இன்று தென்காசி மாவட்டத்தில் உள்ளது. வயலும் தோப்பும் சூழ்ந்த அவ்வூரின் அக்கிரகாரத்தில், செல்லப்பா ஐயரின் மகளாக 1890ஆம் ஆண்டு பிறந்தவர் செல்லம்மாள்.

பெண்களைப் பருவம் எய்துமுன்பே மணம் செய்துகொடுப்பது அக்காலத்து வழக்கம். அவ்வழக்கப்படி 1897ஆம் ஆண்டில், ஏழு வயதுச் சிறுமியாகிய செல்லம்மாளுக்கும் எட்டயபுரம் சின்னசாமி ஐயரின் மகனான பதினான்கு வயதுச் சுப்பிரமணியனுக்கும் திருமணம் நடைபெற்றது. மணமகனுக்கு அதற்குமுன்பே எட்டயபுரம் அவையில் 'பாரதி' என்னும் பட்டம் கிடைத்திருந்தது. எனினும் பெண் வீட்டார் பட்டத்தைக் கண்டு பெண் கொடுக்கவில்லை. ஆங்கிலம் படித்து, அரசுப் பணியில் அமர்ந்து, குடும்பத்தைக் காப்பாற்றும் பிள்ளை என்னும் நம்பிக்கையே அவர்களிடம் இருந்தது.

அந்நம்பிக்கை அடுத்த ஆண்டே ஆட்டம் கண்டது. எட்டயபுரத்தில் பருத்தி ஆலை நிறுவித் தொழிலில் இழப்புற்ற சின்னசாமி ஐயர் 1898இல் காலமானார். தாயை இளமையிலேயே இழந்திருந்த பாரதியார், காசியில் வாழ்ந்த தம் அத்தை குப்பம்மாளின் இல்லத்துக்குச் சென்றார். செல்லம்மாள் கடையத்தில் பெற்றோருடன் இருந்தார். கணவரைக் குறித்து அவருக்குக் கிடைத்தவையெல்லாம் பிறர் வாய்வழி வந்த செய்திகளே. அவருடைய போக்கு மாறிவிட்டது என்றும், நாட்டு விவகாரங்களில் ஈடுபடுகிறார் என்றும் உறவினர் கவலையோடு பேசிக்கொண்டனர். ஊராரின் தீர்ப்பைக் கேட்டுப் பழகும் பயிற்சி செல்லம்மாளுக்கு இல்வாழ்க்கை தொடங்குமுன்பே தொடங்கிவிட்டது.

தலைப்பாகையும் மீசையும்

1902ஆம் ஆண்டளவில் பாரதியார் எட்டயபுரம் திரும்பினார். காசிக்குச் சென்ற பிள்ளை வேறு. திரும்பி வந்தவர் வேறு. தலையில் பாகையும் முகத்தில் மீசையுமாக வந்தவரைக் கண்டு உறவினர் திகைத்தனர். அந்தணர் குடியில் பிறந்தவர் மீசை வைத்துக்கொள்வதை அன்றைய நெல்லைச் சீமை ஏற்கவில்லை. ஒருவர் முகத்தில் உள்ள மயிர்கூட ஊராரின் பொதுச்சொத்தாகக் கருதப்பட்ட காலம் அது.

எட்டயபுரம் அரண்மனையில் சிலகாலம் பணியாற்றிய பாரதியார் அப்பணியை விட்டு நீங்கினார். 1904ஆம் ஆண்டு மதுரைச் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தற்காலிகத் தமிழாசிரியராக இருந்தார். அவ்வாண்டு நவம்பரில் சென்னை சென்று, ஜி. சுப்பிரமணிய ஐயர் நடத்திய 'சுதேசமித்திரன்' நாளிதழில் துணையாசிரியராகச் சேர்ந்தார். மூத்த மகள் தங்கம்மாள் பிறந்ததும் அவ்வாண்டிலேயே.

சென்னை வாழ்க்கை செல்லம்மாளுக்குப் புதியதோர் உலகத்தைக் காட்டியது. வீட்டுக்கு வருவோரின் சாதியும் நேரமும் வரையறையின்றி இருந்தன. வந்தவர்க்கு உணவிடுவது இல்லத்தரசியின் கடமை. அதற்குரிய பொருள் வருமா வராதா என்பது யாரும் விடைசொல்லாத வினா. கணவர் எழுதுவது எதை, எதிர்ப்பது யாரை என்பதை அவர் மெல்ல மெல்லப் புரிந்துகொண்டார். ஆளும் அரசை எதிர்த்து எழுதுபவருக்கு மனைவியாக இருப்பது என்பது, எந்த நேரமும் கதவு தட்டப்படலாம் என்னும் அச்சத்தோடு உறங்குவது என்பதையும் உணர்ந்துகொண்டார்.

வாக்குறுதியின் விலை

காங்கிரஸ் மாநாட்டுக்காக வடநாடு சென்ற பாரதியார், கல்கத்தாவை அடுத்த பகுதியில் நிவேதிதா அம்மையாரைச் சந்தித்தார். அயர்லாந்தில் பிறந்து, விவேகானந்தரின் மாணவியாகி, இந்தியப் பெண்களின் கல்விக்காக உழைத்தவர் அவர். மனைவியை ஏன் உடன் அழைத்துவரவில்லை என்று நிவேதிதா வினவினார். சமூக வழக்கத்தைக் காரணமாகக் கூறிய பாரதியாருக்கு, வீட்டில் உள்ள பெண்ணைச் சமமாக நடத்தாதவர் நாட்டுக்கு விடுதலை தேடுவதில் உள்ள முரண்பாட்டை அவர் உணர்த்தினார். பாரதியாரின் உள்ளத்தை அச்சந்திப்பு மாற்றியது. தம் முதல் கவிதைத் தொகுதிகளை நிவேதிதாவுக்கே அவர் காணிக்கையாக்கினார்.

அச்சந்திப்பில் பாரதியார் ஏற்றுக்கொண்ட உறுதியைக் குறித்து நூல்கள் பல பேசுகின்றன. அதை நடைமுறைப்படுத்தியபோது விலை கொடுத்தவர் யார் என்பதை அவை விரிவாகப் பேசுவதில்லை. மனைவியைத் தமக்குச் சமமாகத் தெருவில் அழைத்துச் சென்றவர் பாரதியார். அவ்வாறு சென்றதற்காக ஊரின் ஏளனப் பார்வையை அதிகம் சுமந்தவர் செல்லம்மாள். ஆண் ஒருவன் வழக்கத்தை மீறினால் கிறுக்கன் என்று சொல்லி விட்டுவிடும் சமூகம், பெண் மீறினால் அவள் ஒழுக்கத்தையும் வளர்ப்பையும் கேள்விக்கு உள்ளாக்கியது. கிணற்றடியிலும் கோயிலிலும் உறவினர் வீட்டு விசேடங்களிலும் அக்கேள்விகளை எதிர்கொண்டவர் அவரே. தாமாகத் தேர்ந்துகொள்ளாத ஒரு புரட்சியின் சுமையை முதலில் தயக்கத்தோடும் பின்னர் இசைவோடும் அவர் ஏற்றார். அத்தயக்கத்தை அவர் பிற்காலத்தில் மறைக்கவில்லை என்பதே அவர் நேர்மைக்குச் சான்று.

புதுவைக்குப் பெயர்ந்த இல்லம்

1906ஆம் ஆண்டு முதல் பாரதியார் பொறுப்பேற்று நடத்திய 'இந்தியா' வார இதழ், ஆங்கில அரசின் சினத்துக்கு இலக்காயிற்று. 1908ஆம் ஆண்டு இதழின் சட்டபூர்வ ஆசிரியராகப் பதிவு பெற்றிருந்த சீனிவாசன் கைது செய்யப்பட்டார். அடுத்து பாரதியார் கைதாகக்கூடும் என்ற நிலையில், நண்பர்களின் வற்புறுத்தலால் அவர் பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்ட புதுச்சேரிக்குச் சென்றார்.

அப்போது தங்கம்மாளுக்கு நான்கு வயதுகூட நிரம்பவில்லை. இரண்டாம் மகள் சகுந்தலா பிறந்ததும் அவ்வாண்டே. பிறந்த வீட்டிலேயே தங்கிவிடுவது செல்லம்மாளுக்கு எளிதாக இருந்திருக்கும். உண்ண உணவும் உறங்க இடமும் உறவினரின் பாதுகாப்பும் அங்கே இருந்தன. அவர் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. முன்பின் அறியாத ஊரில், வருவாய் உறுதியற்ற கணவரோடு வாழப் புதுச்சேரிக்குப் புறப்பட்டார். பத்தாண்டுகள் நீண்ட மறைவு வாழ்வில் அவரும் பங்காளியானார்.

புதுவையிலும் 'இந்தியா' இதழ் தொடர்ந்தது. ஆங்கில அரசு அவ்விதழைத் தன் எல்லைக்குள் நுழையவிடாமல் தடுத்தது. வாசகரை இழந்த இதழ் 1910ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நின்றது. அதனோடு குடும்பத்தின் நிலையான வருவாயும் நின்றது. அவ்வாண்டில் அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் புதுவைக்கு வந்து சேர்ந்தனர். ஐயரின் துணைவியார் பாக்கியலட்சுமியும் பின்னர் அங்கே வந்தார். நாடு கடந்து வாழ்ந்த அக்குடும்பங்களின் பெண்கள் ஒருவருக்கொருவர் ஆறுதலாக இருந்தனர். ஆண்கள் வேதமும் அரசியலும் விவாதித்த மாலைப்பொழுதுகளுக்குப் பின்னால், மறுநாள் அரிசிக்கு வழிதேடிய பெண்களின் காலைப்பொழுதுகள் இருந்தன.

அச்சம் சூழ்ந்த உறவு

1911ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள், மணியாச்சி இரயில் நிலையத்தில் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் ஆஷ், வாஞ்சிநாதனால் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன்பின் புதுவையில் வாழ்ந்த விடுதலை வீரர்கள் மீதான கண்காணிப்பு பன்மடங்கு பெருகியது. வீட்டைச் சுற்றி ஒற்றர்கள் நின்றனர். வரும் கடிதமும் பணமும் துருவி ஆராயப்பட்டன. பாரதியாரோடு தொடர்பு வைத்திருப்பதே குற்றத்துக்கு அடையாளமாகக் கருதப்பட்டது.

செல்லம்மாளின் பிறந்த ஊரும் பாரதியாரின் பிறந்த ஊரும் அந்தத் திருநெல்வேலி மாவட்டத்திலேயே இருந்தன. அங்கே விசாரணைகளும் சோதனைகளும் நடந்துகொண்டிருந்தன. அரசுப் பணியையோ நிலத்தையோ நம்பி வாழ்ந்த உறவினர்கள் விலகி நின்றதை இப்பின்னணியில் வைத்தே புரிந்துகொள்ள வேண்டும். அவர்கள் எல்லாரும் அன்பற்றவர்கள் அல்லர், அஞ்சியவர்கள். ஆயினும் அச்சத்தால் விளைந்த விலகலும் விலகலே. திருமணம், பேறுகாலம், பண்டிகை ஆகிய நாள்களில் பிறந்தகத்தின் துணை இல்லாத ஒரு பெண்ணின் தனிமையைக் காரணங்கள் குறைத்துவிடுவதில்லை.

அரிசியும் குருவியும்

புதுவை வாழ்வின் வறுமையை உணர்த்தும் நிகழ்ச்சி ஒன்றைத் தமிழகம் நன்கு அறியும். சமைப்பதற்கென்று செல்லம்மாள் தேடிப் பெற்று வைத்திருந்த அரிசியைப் பாரதியார் முற்றத்தில் குருவிகளுக்கு இறைத்தார். அவை கொத்தித் தின்னும் அழகில் தம்மை மறந்தார். இந்நிகழ்ச்சி கவிஞரின் உயிரிரக்கத்துக்குச் சான்றாகப் பெரும்பாலும் எடுத்துக்காட்டப்படுகிறது. அது உண்மையே. அந்நிகழ்ச்சிக்கு மற்றொரு பக்கமும் உண்டு. முறத்தில் இருந்தது இரண்டு குழந்தைகளின் அன்றைய உணவு. கோபம் வந்தது, கண்ணீரும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு மீண்டும் அரிசிக்கு வழிதேடியவர் செல்லம்மாள். கவிஞரின் உள்ளம் குருவிக்கு இரங்கியது என்றால், அக்கவிஞருக்கு இரங்கிய உள்ளம் ஒன்று அருகில் இருந்தது.

இப்பத்தாண்டுகளே பாரதியாரின் படைப்பாற்றல் உச்சம் பெற்ற காலம் என்பதை இங்கு நினைவில் கொள்ள வேண்டும். 'பாஞ்சாலி சபத'மும் 'கண்ணன் பாட்டு'ம் 'குயில் பாட்டு'ம் உருவானது புதுவையில்தான். நிலையான வருவாயின்றி, நாடு திரும்பும் நம்பிக்கையுமின்றி இருந்த ஒருவரால் இத்துணைப் படைப்புகளை எவ்வாறு எழுத முடிந்தது? மேதைமை ஒரு காரணம். அம்மேதைமை உடைந்து போகாமல் காத்த இல்லம் மற்றொரு காரணம்.

பந்தியும் பூணூலும்

பாரதியார் சாதி வேற்றுமையை எழுத்தில் மட்டும் மறுக்கவில்லை. தம் வீட்டிலும் மறுத்தார். 1913ஆம் ஆண்டில், ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்த கனகலிங்கம் என்னும் இளைஞருக்குப் பூணூல் அணிவித்தார். பிற்காலத்தில் கனகலிங்கம் 'என் குருநாதர்' என்னும் நூலில் பாரதியாரோடு தாம் பழகிய நாள்களைப் பதிவு செய்தார்.

ஆசாரம் மிகுந்த குடும்பத்தில் வளர்ந்த செல்லம்மாளுக்கு இது எளிதான மாற்றம் அன்று. யாரோடு உண்பது, யாரை அடுக்களைவரை அனுமதிப்பது என்பன போன்ற விதிகளை அவர் தாயின் கையைப் பிடித்துக் கற்றவர். அவ்விதிகளை மீறினால் குலத்துக்கே கேடு என்று சொல்லி வளர்க்கப்பட்டவர். ஒரு கொள்கையை ஏடு படித்து ஏற்பதற்கும், பிறந்தது முதல் கைவந்த பழக்கத்தை அடுக்களையில் கைவிடுவதற்கும் இடையே உள்ள தொலைவு மிக நீண்டது. செல்லம்மாள் அத்தொலைவைக் கடந்தார். எல்லாக் குலத்தாரும் வந்து உண்டு செல்லும் இல்லமாக அவ்வீடு இருந்தது. வாதிட்டும் வருந்தியும் பின்னர் உடன்பட்டும் அவர் மாறினார். கணவரின் சொல்லுக்கு அஞ்சி அடங்கிய பணிவு அன்று அது. தாமே உணர்ந்து அடைந்த தெளிவு.

மீண்டும் கடையம்

முதல் உலகப்போர் முடிந்தபின், 1918ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள் பாரதியார் புதுவையை விட்டு வெளியேறினார். ஆங்கில எல்லைக்குள் நுழைந்த அன்றே கைது செய்யப்பட்டுக் கடலூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார். நண்பர்களின் முயற்சியால் டிசம்பர் 14ஆம் நாள் விடுதலை பெற்றார். சில கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டுத் திருநெல்வேலி மாவட்டத்தில் வாழவேண்டிய நிலை. குடும்பம் கடையத்தை அடைந்தது.

பத்தாண்டுகளுக்குப் பின் செல்லம்மாள் பிறந்த ஊருக்கு வந்தார். எந்தப் பெண்ணுக்கும் மகிழ்ச்சி தரவேண்டிய அவ்வரவு, அவருக்குப் புதிய சோதனையாக அமைந்தது. புதுவையில் அவர்களை மதிப்பிட்டவர்கள் அயலார். கடையத்தில் மதிப்பிட்டவர்கள் உடன்பிறந்தாரும் உற்றாரும். சாதி பாராமல் எல்லாருடனும் பழகிய பாரதியாரின் நடை அக்கிரகாரத்துக்குப் பொருந்தவில்லை. மனைவி கணவனுக்குப் பின்னால் நடக்கவேண்டும் என்னும் வழக்கம் நிலவிய தெருவில், செல்லம்மாளைத் தம் பக்கத்தில் நடக்கச் செய்தார் அவர். கழுதைக் குட்டியையும் தழுவிக் கொஞ்சியவரை ஊர் புரிந்துகொள்ளவில்லை. 1920ஆம் ஆண்டில் கடையத்தை அடுத்த பொட்டல்புதூரில், இசுலாமியர் கூட்டத்தில் அச்சமயத்தின் பெருமையைப் பற்றி அவர் உரையாற்றினார். ஊரின் முணுமுணுப்பு வளர்ந்தது. உறவினர் ஒதுங்கினர்.

இந்நிலையில் செல்லம்மாளுக்கு முன் இரு வழிகள் இருந்தன. கணவரின் போக்குக்குத் தாம் பொறுப்பில்லை என்று கூறி உறவினரோடு இணைவது ஒரு வழி. ஊரார் பேச்சைக் கணவரோடு சேர்ந்து தாங்குவது மற்றொரு வழி. அவர் இரண்டாவது வழியில் நின்றார். அதற்காகப் பிறந்த குடும்பத்தை அவர் பகைத்துக்கொள்ளவும் இல்லை. இரு பக்கத்தாருக்கும் இடையே ஒரு மெல்லிய பாலமாக அவர் இருந்தார். பாலத்தின் மீது இருபுறத்தாரும் நடப்பர். அதன் வலியை யாரும் கேட்பதில்லை.

கடையத்தில் இருந்தபோது பாரதியார் எட்டயபுரம் அரசருக்குச் சீட்டுக்கவி எழுதி உதவி நாடினார், பயன் விளையவில்லை. தம் எழுத்துகளையெல்லாம் 40 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 10,000 படிகள் அச்சிட்டு மக்களிடம் குறைந்த விலையில் பரப்பவேண்டும் என்னும் பெருந்திட்டத்தையும் அவர் வகுத்தார். தீப்பெட்டியைப் போலத் தம் நூல்கள் வீடுதோறும் செல்லும் என்று நம்பினார். முதலீடு கிடைக்கவில்லை; திட்டம் தாளிலேயே நின்றது. ஆனால் அக்கனவை அருகிருந்து கேட்டவர் ஒருவர் இருந்தார்.

திருவல்லிக்கேணி இறுதி நாள்கள்

கட்டுப்பாடுகள் நீங்கியபின் 1920ஆம் ஆண்டு இறுதியில் பாரதியார் மீண்டும் 'சுதேசமித்திர'னில் சேர்ந்தார். திருவல்லிக்கேணியில் துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் குடும்பம் குடியேறியது. நிலையான ஊதியம் வந்தது. நீண்ட புயலுக்குப்பின் கரை தெரிந்தது போன்ற காலம் அது. அது நீடிக்கவில்லை. 1921ஆம் ஆண்டில் பார்த்தசாரதி கோயில் யானைக்குப் பழம் கொடுக்கச் சென்றபோது, அது பாரதியாரைத் தள்ளி வீழ்த்தியது. குவளைக்கண்ணன் பாய்ந்து அவரை மீட்டார். காயம் ஆறியது, எனினும் முன்னரே மெலிந்திருந்த உடல் தேறவில்லை. வயிற்றுக்கடுப்பு நோயுற்று, 1921 செப்டம்பர் 11ஆம் நாள் நள்ளிரவு கடந்தபின் அவர் உயிர் பிரிந்தது. அவருக்கு முப்பத்தெட்டு வயது. இறுதி ஊர்வலத்தில் சென்றவர்கள் இருபது பேருக்கும் குறைவே.

அப்போது செல்லம்மாளுக்கு வயது முப்பத்தொன்று. கையில் பொருள் இல்லை. இளைய மகளுக்குத் திருமணம் ஆகவில்லை. பெட்டிகளில் இருந்தவை கணவரின் கையெழுத்துப் படிகள் மட்டுமே.

தெரிந்து தெளிவோம்

பாரதியாரின் குடும்பத்தாரே அவர் வாழ்வைப் பதிவு செய்துள்ளனர். செல்லம்மாளின் பெயரில் 1941இல் 'தவப்புதல்வர் பாரதியார் சரித்திரம்' வெளிவந்தது. சகுந்தலா 'என் தந்தை' என்னும் நூலை எழுதினார். திருச்சி வானொலியில் 1951ஆம் ஆண்டு 'என் கணவர்' என்னும் தலைப்பில் செல்லம்மாள் உரையாற்றினார்.

கைம்மை கடந்த கடமை

கணவனை இழந்த பெண் மூலையில் ஒடுங்கவேண்டும் என்று விதித்திருந்த காலம் அது. செல்லம்மாள் ஒடுங்கவில்லை. உடன்பிறந்தார் அப்பாதுரையின் துணையோடு 'பாரதி ஆச்சிரமம்' என்னும் பெயரில் பதிப்பகம் ஒன்றைத் தொடங்கினார். பாரதியார் மறைந்த சில மாதங்களில், 1922ஆம் ஆண்டிலேயே 'சுதேச கீதங்கள்' இரு பகுதிகளாக வெளிவந்தன. கணவரின் எழுத்துகளை உலகுக்கு அளிக்க முன்வந்து, தமிழ் மக்களின் ஆதரவை அவர் வேண்டினார். கடையத்தில் தாளோடு நின்ற கனவின் முதற்படி அது.

பதிப்புத்தொழில் முதலீட்டைக் கேட்டது. குடும்பம் உணவைக் கேட்டது. தொடர்ந்து நடத்த இயலாத நிலையில், பாரதியாரின் தம்பி விசுவநாதனும் அரிகர சர்மாவும் சகுந்தலாவின் கணவர் நடராசனும் இணைந்து நடத்திய 'பாரதி பிரசுராலயம்' அப்பணியை ஏற்றது. காலப்போக்கில் நூல்களின் பதிப்புரிமையும் செல்லம்மாளின் கையை விட்டு நீங்கியது. கணவர் இருந்தபோது ஒதுக்கிய சமூகம், அவர் மறைந்தபின் பாடல்களைப் பாடத் தொடங்கியது. பாடியவர்களுள் பலர் அக்குடும்பம் எங்கே இருக்கிறது என்று தேடவில்லை.

1928ஆம் ஆண்டில் பர்மா அரசு பாரதியார் பாடல்களுக்குத் தடை விதித்தது. அதைத் தொடர்ந்து சென்னை அரசும் நூற்படிகளைப் பறிமுதல் செய்தது. சட்டமன்றத்தில் சத்தியமூர்த்தி முதலியோர் இச்செயலைக் கடுமையாக எதிர்த்தனர். எந்தப் பாட்டுக்காக ஒரு குடும்பம் பத்தாண்டுகள் நாடு கடந்து வாழ்ந்ததோ, அந்தப் பாட்டைத் தமிழகமே தன் உடைமையாகக் கருதத் தொடங்கியதன் அடையாளம் அவ்வெதிர்ப்பு.

நாட்டுக்கு அளித்த இசைவு

நாடு விடுதலை பெற்றபின், பாரதியார் பாடல்கள் தனியார் உரிமையாக இருத்தல் தகாது என்னும் கோரிக்கை வலுத்தது. எழுத்தாளர் நாரண துரைக்கண்ணன், கவிஞர் திருலோக சீதாராம் முதலியோர் அதற்காக உழைத்தனர். அவர்கள் நெல்லைக்குச் சென்று செல்லம்மாளைச் சந்தித்து, அவருடைய இசைவை வேண்டினர். வறுமையை நன்கு அறிந்த அம்மூதாட்டி தடை ஏதும் கூறாமல் இசைந்தார். திரைப்படம், ஒலிப்பதிவு ஆகியவற்றுக்கான உரிமையைப் பெற்றிருந்த ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரும் அதை விட்டுக்கொடுத்தார். ஓமந்தூர் இராமசாமியார் முதலமைச்சராக இருந்த 1949ஆம் ஆண்டில் அரசு பாரதியார் எழுத்துகளின் உரிமையை ஏற்றது. செல்லம்மாளுக்கும் மகள்கள் இருவருக்கும் தலா 5,000 ரூபாய் வழங்கப்பட்டது. பின்னர் அவ்வெழுத்துகள் எவரும் தடையின்றிப் பதிப்பிக்கத்தக்க பொதுச்சொத்தாயின. இன்று பாரதியார் கவிதை நூல் மலிவு விலையில் கிடைக்கிறதென்றால், அதற்குப் பின்னால் ஒரு முதிய பெண்மணியின் இசைவு இருக்கிறது.

திருலோக சீதாராம் செல்லம்மாளைத் தாயாகவே போற்றினார். இறுதிக்காலத்தில் அவ்வன்பு அவருக்கு ஆறுதல் தந்தது. வானொலி உரையில் செல்லம்மாள் கணவரைத் தெய்வமாக்கிக் காட்டவில்லை. கவிஞரின் மனைவியாக வாழ்வதில் உள்ள துன்பத்தையும் பெருமிதத்தையும் ஒருசேரச் சொன்னார். புகழ்மொழிகளால் நிரம்பிய மேடைகளில் கேட்க முடியாத உண்மை அவ்வுரையில் ஒலித்தது. 1955ஆம் ஆண்டு அவர் மறைந்தார்.

துணை என்பதன் பொருள்

துணை நிற்றல் என்பது கணவர் செய்த அனைத்தையும் வாய்மூடி ஏற்றல் என்று பொருள்படாது. செல்லம்மாள் வினவினார், வருந்தினார், சினந்தார். ஆயினும் ஊரார் தீர்ப்பு வழங்க வந்தபோது அவர்கள் பக்கம் நின்று கணவரைத் தனித்து விடவில்லை. அதேபோல் துணை என்பது ஒருவழிப் பாதையும் அன்று. பெண்ணின் சமத்துவத்தைப் பாடிய பாரதியார், அப்பாட்டுக்கு ஏற்ற வாழ்வைத் தம் மனைவிக்கு முழுவதும் தரமுடிந்ததா என்னும் கேள்வி எஞ்சி நிற்கிறது. வறுமை அதற்கு இடங்கொடுக்கவில்லை, காலமும் இடங்கொடுக்கவில்லை. அக்கேள்வியை எழுப்புவது பாரதியாரின் பெருமையைக் குறைப்பது ஆகாது. அவர் கற்பித்த நெறியில் நின்று அவர் வாழ்வையே அளந்து பார்ப்பதாகும்.

கடையத்தில் இன்று பாரதியாரும் செல்லம்மாளும் இணைந்து நிற்கும் சிலை உள்ளது. பக்கத்தில் நடந்ததற்காக எந்த ஊர் முகம் சுளித்ததோ, அதே ஊரில் இருவரும் பக்கத்தில் நிற்கின்றனர். ஊரின் தீர்ப்பு மாறுவதற்கு நெடுங்காலம் ஆயிற்று. தீர்ப்பு மாறும்வரை காத்திராமல் வாழ்ந்து காட்டியதே செல்லம்மாளின் பெருமை.

கற்பவை கற்றபின்

1. அரிசியைக் குருவிகளுக்கு இறைத்த நிகழ்ச்சியைச் செல்லம்மாளின் பார்வையில் ஒரு பக்க அளவில் எழுதுக.

2. கொள்கைக்காக வாழ்ந்த ஒருவருக்கு உற்ற துணையாக நின்றும், வரலாற்றில் பெரிதும் பேசப்படாத ஒருவரைப் பற்றிய செய்திகளைத் திரட்டி வகுப்பில் உரையாற்றுக.

3. 'அச்சத்தால் விலகிய உறவினரைக் குறைகூறலாமா?' என்னும் பொருளில் இரு குழுக்களாகப் பிரிந்து கலந்துரையாடுக.